பிஷப்பின் பிடி

எண்ணெய்க் கடுகு வயல்கள் மஞ்சளாகத் தொடங்கிய வாரத்தில் பிஷப் சாப்பிடுவதை நிறுத்தியது. கடையில் வாங்கிய வெட்டுக்கிளிகளையும் சுவர்க்கோழிகளையும் கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டால் ஒரு கண்ணால் அவற்றைப் பார்க்கும். மறு கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்களும் ஒரே பக்கம் திரும்பிவிடும், பூச்சிகள் இல்லாத பக்கம்.

பிஷப் ஏமன் நாட்டு இனத்துப் பச்சோந்தி. பிஷப்பின் தொப்பியைப்போலத் தலைமேல் கூம்பாக எழுந்து நின்ற எலும்புக்காக இம்கே தன் பதினைந்தாம் வயதில் அதற்கு அந்தப் பெயரை வைத்தாள். இப்போது அவள் லைப்சிக்கில் படிக்கிறாள். அவள் அறையெடுத்திருக்கும் வீட்டில் பிராணிகளுக்கு இடமில்லை. அம்மா விலகிக் கீல் நகரத்துக்குப் போய், வீடு விற்று, சாமான்கள் பிரிந்து முடிந்தபோது கூண்டு அப்பாவின் பங்குக்கு வந்தது. அப்பா ஹென்னிங், ஒரு கிராமத்தில், மாடி வீட்டுக்குக் குடிபோனபோது முதலில் மேலே ஏறியது அதுதான்.

பிஷப்புக்கு ஹென்னிங்கைப் பிடிக்காது. தண்ணீர் தெளிக்கக் கதவைத் திறந்தால் தொண்டையை உப்பவைத்து, வாயைப் பிளந்து, நனைந்த அடுப்பைப்போலச் சீறும். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை. ஹென்னிங் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. தானும் மற்றவர்களுடன் அதிகம் பழகும் ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். நடமாடும் நூலகத்தின் பேருந்தை ஊர் ஊராக ஓட்டுவது அவர் வேலை. புத்தகம் எடுக்க வருகிறவர்களும் பெரும்பாலும் பேசாதவர்கள்.

சனிக்கிழமைகளில் இம்கே போன் செய்வாள். "பிஷப் எப்படி இருக்கார்?" என்பதுதான் முதல் கேள்வி. என்ன சாப்பிட்டது, தோல் உரித்ததா, எந்தக் கிளையில் தூங்கியது என்று அவர் சொல்வார். சொல்லி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரு அமைதி வரும். "சரி அப்பா" என்று அவள் வைத்துவிடுவாள். பிஷப் இல்லாவிட்டால் அந்த முதல் கேள்வி இல்லை. முதல் கேள்வி இல்லாவிட்டால் போனும் வராது. அவர் இதை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பாத்திரம் கழுவும்போது தானாகத் தெரிந்தது. அன்றிலிருந்து பிஷப்பின் உடல்நிலையை அவர் தன்னுடையதைவிடக் கவனமாகப் பார்த்துவந்தார்.

ஆகவே அது சாப்பிடவில்லை என்பதை உடனே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னபோது இம்கே பதறவில்லை.

"அது உண்ணாவிரதம் இல்லப்பா, சலிப்பு. தினம் உருளைக்கிழங்கே போட்டா நீயும் மூஞ்சியத் திருப்பிக்குவே. புல்வெளிக்குப் போ."

அங்கே கிடைக்கும் பூச்சிக் கலவையை, கடலில் மிதக்கும் சிற்றுயிர்களை நினைத்து, பச்சோந்தி வளர்ப்பவர்கள் 'புல்வெளிப் பிளாங்க்டன்' என்பார்கள். வயலோரப் புல்லில் வலையை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டு நடந்தால், திமிங்கிலத்தின் வாயில் கடல் விழுவதுபோல, ஈயும் தத்துப்பூச்சியும் பச்சைப் புழுவும் நெட்டைக் கால் கொசுவும் எல்லாம் கலந்து விழும். கடைப்பூச்சி கொடுக்காத தெம்பை அந்தக் கலவை கொடுக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இம்கே விதிகளைச் சொன்னாள். சாலையோரம் கூடாது, நாய் உலாவும் இடம் கூடாது. பிடித்ததை வெள்ளைத் தொட்டியில் கொட்டி, தேனீயையும் பொறிவண்டையும் மயிர்ப்புழுவையும் விட்டுவிட வேண்டும். "பூ நிறைய இருக்கிற இடமாப் பாரு. பூ இருந்தா நல்ல இடம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு கிராமங்களுக்கு நடுவில், பேருந்தை நிறுத்திவிட்டு ஹென்னிங் விவசாயி ஹாரோவின் வயலோரம் நடந்தார். கடுகு வயலுக்கும் புதர்வேலி மேட்டுக்கும் நடுவே ஹாரோ அரசாங்க உதவியில் தேனீக்களுக்காகப் பூச்செடிகளை நீளப் பட்டையாக விதைத்திருந்தான். நீலமும் வெள்ளையுமாகப் பூக்கள், நடுவில் ஒரு பலகை. பலகையில் சிரிக்கும் தேனீயின் படம். சுற்றுவட்டாரத்தில் இதைவிடச் சுத்தமான இடம் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது.

முன்பு ஒருமுறை இம்கேயுடன் வலை வீசி, இரண்டு ஈயுடன் திரும்பியிருக்கிறார். வெட்டுக்கிளிக் குஞ்சுகள் வலையின் நிழல் பட்டாலே தெறித்துப் போய்விட்டன. இம்கே அன்று புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். இன்று அப்படி இல்லை. வலை ஒவ்வொரு வீச்சிலும் கனத்தது. நெட்டைக் கால் கொசுக்கள் புல் நுனியிலேயே தொங்கி, தம்மை எடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்தன. வெட்டுக்கிளிக் குஞ்சுகள் வலையின் அடியில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்து காலை மட்டும் ஆட்டின. வெள்ளைத் தொட்டியில் கொட்டியபோதும் ஒன்றும் எழும்பிப் பறக்கவில்லை. பொறுக்குவது பயறு பொறுக்குவதுபோல எளிதாக இருந்தது. கை பழகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். பார்ப்பதற்கு யாராவது இருந்திருக்கலாம் என்றும் நினைத்தார்.

பிஷப் அவற்றைக் கண்டதும் கிளையில் முன்னால் சாய்ந்தது. இரண்டு கண்களும் ஒரே புள்ளியில் கூடின. நாக்கு போய் வந்தது தெரியவில்லை. கிண்ணத்தில் ஒன்று குறைந்தது மட்டும் தெரிந்தது. மறுபடி. மறுபடி. கிண்ணம் காலியாகும்வரை அது நிறுத்தவில்லை. ஹென்னிங் படம் எடுத்து அனுப்பினார். உடனே போன் வந்தது.

"நீ பிடிச்சதா? நீயா?"

"நான்தான்."

"அன்னைக்கு ரெண்டு ஈயப் பிடிச்சிட்டு ஒருத்தர் மூச்சு வாங்கினாரே, அவரா?"

அவள் சிரித்தாள். பிஷப்பைப் பற்றிப் பேசி முடித்தும் அவள் வைக்கவில்லை. ஒரு பேராசிரியரைப் பற்றி, அறைத்தோழி சமையலறையில் முளைகட்டப் போட்டு மறந்துபோன பருப்பைப் பற்றி, எதையெதையோ சொன்னாள். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று வருகிறேன் என்றாள், நாளை மறுநாள். ஹென்னிங் கட்டில் விரிப்பை மாற்றிவைத்தார்.

சனிக்கிழமை காலை ரொட்டிக்கடை வரிசையில் ஹாரோ முன்னால் நின்றான்.

"மோயின்."

"மோயின்."

வழக்கமாக இந்த ஊர் வணக்கத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஹாரோ திரும்பிப் பார்த்து இளித்தான். "நேத்து என் வயலோரத்துல வலையோட ஆடிக்கிட்டிருந்தியாமே. என் பொண்டாட்டி பார்த்துட்டு, லைப்ரரிக்காரருக்குக் கடைசில மறை கழண்டிடுச்சுன்னு சொன்னா."

ஹென்னிங் பச்சோந்தியைப் பற்றிச் சொன்னார். மகள் நாளை வருகிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார், கேட்காமலே. ஹாரோவின் இளிப்பு மெல்லக் கலைந்தது.

"அதத் திங்கக் குடுத்துட்டியா?"

"ஏன்?"

"வியாழக்கிழமை சாயங்காலம் மருந்து அடிச்சேன். தேனீயெல்லாம் கூட்டுக்குப் போன பிறகுதான் அடிச்சேன், முறைப்படிதான். தேனீக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கு."

"மத்த பூச்சிக்கு?"

"மத்த பூச்சிக்குத்தானப்பா அடிக்கிறோம்."

பூப்பட்டையில் அடிக்கவில்லைதான், ஆனால் காற்று லேசாக அந்தப் பக்கம் இருந்தது என்றும் அவன் சொன்னான். பிறகு, பார்த்த ஆளைப்போல, "துள்ளாம சாஞ்சு கிடந்திருக்குமே?" என்று கேட்டான்.

ஹென்னிங்குக்கு வலையின் கனம் கைக்குள் திரும்பி வந்தது. ஆடிய கால்கள், புல் நுனியில் தொங்கிய கொசுக்கள், எழும்பாத ஈக்கள். கை பழகியிருக்கவில்லை. வரிசை நகர்ந்தது. கடைக்காரப் பெண் எத்தனை ரொட்டி என்று கேட்டாள். அவர் வெளியே வந்துவிட்டார்.

படியேறும்போது பிஷப் கூண்டின் அடியில் விழுந்து கிடப்பதாகவே மனதில் ஓடியது. விழுந்திருக்கவில்லை. ஆனால் விளக்குக்கு அடியில், எப்போதும் உட்காரும் மேல்கிளையில் அது இல்லை. நடுக்கிளையில், இலைகளுக்குள், சேற்றுப் பச்சையாக இருந்தது. கூண்டுக்கு இந்தப் பக்கம் இருந்த கண் மூடியிருந்தது. பட்டப்பகலில் பச்சோந்தி கண்ணை மூடுவது நல்லதில்லை என்று இம்கே சொல்லியிருக்கிறாள். அவர் கதவைத் திறந்தார். கையை உள்ளே கொண்டுபோனார்.

பிஷப் சீறவில்லை.

கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். சீறு என்று மனதுக்குள் சொன்னார். கண் திறந்தது, கையைப் பார்த்தது, மறுபடி மூடிக்கொண்டது.

ஊர்வன பார்க்கும் மருத்துவரின் எண்ணில், விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை அழைக்கச் சொல்லி ஒரு பதிவுக்குரல் இருந்தது. கால்நடை அவசரப் பிரிவில் போனை எடுத்த பெண் நல்லவள். தான் நாய், பூனை, ஒருமுறை ஒரு முயல் பார்த்ததாகவும் பச்சோந்தியைப் பார்த்ததே இல்லை என்றும் ஒளிக்காமல் சொன்னாள். யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். வெதுவெதுப்பாக வைத்திருங்கள், தண்ணீர் தெளியுங்கள், எதையும் வாயில் திணிக்காதீர்கள். கால் பிடியைப் பாருங்கள். பிடி விட்டால், உடம்பு நடுங்கினால், கொண்டுவாருங்கள். அதுவரை பயணத்தில் குலுக்குவதுதான் பெரிய ஆபத்து.

அவர் நாற்காலியைக் கூண்டின் முன் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கிளையைப் பற்றியிருந்த கால்களைப் பார்த்தார். இரண்டு விரல் இந்தப் பக்கம், மூன்று விரல் அந்தப் பக்கம், இடுக்கியைப்போல. முன்கால்கள் இறுக்கமாகத்தான் இருந்தன. பின்னங்கால்களில் இடது கால் கிளையைப் பற்றியிருக்கிறதா, சும்மா மேலே வைத்திருக்கிறதா என்று தெரியவில்லை. பார்க்கப் பார்க்க அது நடுங்குவதுபோல இருந்தது. தன் கண் நடுங்குகிறதோ என்று ஜன்னலைப் பார்த்தார். தூரத்தில் கடுகு வயல் அசையாமல் மஞ்சளாக இருந்தது.

இம்கேவுக்குச் சொல்ல வேண்டும்.

எதற்கு, என்றது அவருக்குள் பழகிப்போன ஒரு குரல். அங்கிருந்து அவளால் என்ன செய்ய முடியும்? ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பாள். நாளைக்கு வரப்போகிறாள். அதற்குள் தேறிவிட்டால் சொல்லவே வேண்டாம். தேறாவிட்டால் நேரில் சொல்லலாம். அந்தக் குரல் எப்போதும் நியாயமாகத்தான் பேசும். அவள் பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டு நாய்க்கு உயிரை முடிக்கும் ஊசி போட வேண்டிவந்தது. கடைசித் தேர்வு முடிந்து கேக் வெட்டும்வரை நாய் பெரியப்பா வீட்டில் இருப்பதாக அந்தக் குரல்தான் சொல்லவைத்தது. வீடு விற்ற செய்தியும் கூடத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று அவள் கத்தவில்லை. "நீ எல்லாம் முடிஞ்ச பிறகுதான் சொல்வே, இல்ல?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை போன்கள் பிஷப்போடு முடியத் தொடங்கின.

பிஷப்பின் இடது பின்னங்கால் கிளையிலிருந்து வழுக்கியது. ஒரு கணம் காற்றில் தொங்கி, தேடி, மறுபடி கிளைக்கு வந்தது.

அவர் போனை எடுத்தார்.

நடந்ததை வரிசையாகச் சொன்னார். ஹாரோ, வியாழக்கிழமை, காற்று, எழும்பாத ஈக்கள். தான் பெருமைப்பட்டதையும் விடவில்லை. மறுமுனையில் ஒன்றுமே கேட்கவில்லை. அமைதி அவருக்குப் பழக்கம். அமைதிகளில் அவர் வசித்திருக்கிறார் என்றுகூடச் சொல்லலாம். இந்த அமைதியில் உட்கார முடியவில்லை.

"இம்கே?"

"இன்னும் உயிரோட இருக்காரா?"

"இருக்கு."

"இப்போவா? இந்த நிமிஷம்? இல்ல, எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்றியா?"

"இந்த நிமிஷம். எதிர்ல உட்கார்ந்திருக்கேன்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஏதோ இழுக்கும் ஓசை, ஒரு ஜிப்பின் சத்தம்.

"பூ இருக்கிற இடமாப் பாருன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். அவர் பதில் தேடுவதற்குள், "இப்பவே ரயில் பிடிக்கிறேன். வைக்காதே. என்ன பார்க்கிறியோ அதச் சொல்லிக்கிட்டே இரு."

"என்ன சொல்றது?"

"எல்லாத்தையும். கண்ணு, காலு, கலரு. மாறலேன்னா மாறலேன்னு சொல்லு. நீ சும்மா இருந்தா நான் செத்துட்டார்னு நினைப்பேன்ப்பா. தயவுசெஞ்சு சும்மா இருக்காதே."

ஹென்னிங் பேசத் தொடங்கினார். முதலில் நூலகத்து அட்டையை வாசிப்பதுபோல வந்தது. இடது கண் மூடியிருக்கிறது. வலது கண் தெரியவில்லை. முன்கால் பிடித்திருக்கிறது. பின்னங்கால் இப்போது பிடித்திருக்கிறது. நிறம் சேற்றுப் பச்சை, விலாவில் ஒரு பழுப்புக் கோடு. அவள் ரயில் நிலையத்துக்கு ஓடுவதும், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதும், கதவுகள் மூடுவதும் நடுநடுவே கேட்டன. சொல்வதற்கு இல்லாதபோது கூண்டின் இலைகளைச் சொன்னார். தண்ணீர் தெளித்ததைச் சொன்னார். ஒரு துளி மூக்கு நுனியில் நிற்கிறது, அது துடைத்துக்கொள்ளவில்லை என்றார். துளி வாயோரம் இறங்கியதும் வாய் கொஞ்சம் அசைந்தது என்றார்.

"குடிச்சாரா?"

"தெரியல. வாய் அசைஞ்சது."

"தெரியலேன்னா தெரியலேன்னே சொல்லு. அதுதான் நல்லது."

ஹாம்பர்க் நகரத்துக்கு முன்னால் ரயில் கடக்கும் புல்வெளிப் பகுதியில் இணைப்பு அடிக்கடி அறுந்தது. அறுந்தால் அவள் மறுபடி அழைப்பாள், அவர் விட்ட இடத்திலிருந்து சொல்வார். குரல் கரகரத்தது. ஒரே நாளில் இவ்வளவு பேசியது எப்போது என்று அவருக்கு நினைவில்லை. எதிர்பாராமல் வேறு விஷயங்களும் வரத் தொடங்கின. கால் வழுக்கிய கணத்தில்தான் போனை எடுத்தேன், அதற்கு முன் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்றார். கட்டில் விரிப்பு மாற்றியிருக்கிறேன், ரொட்டி வாங்கவில்லை என்றார். நாயை ஊசிக்குக் கொண்டுபோன அன்று என் மடியில்தான் வைத்திருந்தேன், கடைசிவரை, என்றார். எதிர்ப்பக்கம் ரயிலின் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் கேட்கிறாள் என்று அந்த ஓசையிலிருந்து தெரிந்தது.

கால் மீண்டும் வழுக்கியது. இந்த முறை திரும்பி வர நேரம் பிடித்தது. ஹென்னிங் எழுந்து கதவைத் திறந்து, விழுந்தால் தாங்குவதற்குக் கையை அதன் அடியில் நீட்டினார்.

"கையை வச்சிருக்கேன்" என்று போனிடம் சொன்னார். "அடியில. ரெண்டு கண்ணும் மூடியிருக்கு. பின்னங்கால் என் விரல் மேல வந்துடுச்சு. பிடிக்கல, சும்மா வச்சிருக்கு. லேசா இருக்கு இம்கே, இவ்வளவு லேசா இருக்கும்னு எனக்குத் தெரியாது. தொட்டதே இல்லையே, நான். இரு. இப்ப ஒரு கண்ணு திறந்திருக்கு. என்னைப் பார்க்குது. இன்னும் பார்க்குது."

மேசையில் சாய்த்துவைத்திருந்த போனின் திரை இருண்டிருந்தது. ரயிலின் ஓசை எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. எட்டி எடுக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை.

"விரல் மேல இன்னும் இருக்கு" என்றார் இருண்ட திரையிடம். "இப்ப கொஞ்சம் அழுத்துது. இல்ல, நான்தான் அப்படி நினைக்கிறேன். தெரியல. இல்ல, அழுத்துது. நகம் குத்துது."

பழுப்புக் கோட்டுக்கு மேல் ஒரு மஞ்சள் ஏறியது. தொண்டை மெல்ல உப்பியது. பிஷப் கண்ணை அவருடைய முகத்தில் நிறுத்தி, வாயைப் பாதி திறந்து, காற்றுப் போகும் சைக்கிள் டியூபைப்போல ஒரு சின்னச் சத்தம் விட்டது. முழுச் சீற்றம் இல்லை. பாதிகூட இல்லை. ஆனால் அந்தச் சத்தம் அவரை நோக்கித்தான்.

"திட்டுது" என்றார் ஹென்னிங். "இம்கே, என்னைத் திட்டுது."

போன் அடித்தது. அவர் இடது கையை நீட்டி, வலது கையை அசைக்காமல், அதை எடுத்தார். இதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பின்னங்கால் இன்னும் விரலைப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதிலிருந்தே அவர் தொடங்கினார்.